எட்டு மைல் சாலைக்கு அப்பால்

2015-ஆம் ஆண்டு முடிவதற்குச் சற்று முன்பு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் மாநகரின் வடக்கு எல்லையை ஒட்டியுள்ள சௌத்ஃபீல்ட் என்னும் ஊரின் நகரசபையார், தங்கள் ஊருக்குள்ளேயே பூட்டிக் கிடந்த கடைத்தெரு ஒன்றை 24 லட்சம் டாலர் கொடுத்துக் கிரயம் பண்ணினார்கள். நார்த்லேண்ட் என்பது அதன் பெயர். 61 ஆண்டுகளுக்கு முன்பு அதைக் கட்டி முடித்தபோது ஆன செலவு ஏறக்குறைய 3 கோடி டாலர். அந்நாளைய டாலரின் மதிப்போ இந்நாளையதைப் போல் பல மடங்கு. உலகத்திலேயே மிகப் பெரிய வணிக வளாகம் என்று ஒரு காலத்தில் கொண்டாடப்பட்ட அந்த இடத்தை லாபங் கருதி வாங்க முன்வந்தவர் எவரும் இல்லாத நிலையில், கேட்பாரற்ற பிரேதத்தை எடுத்து அடக்கம் செய்யும் பொறுப்பு எப்படி ஊராரையே வந்து சேருமோ, அப்படித்தான் அதுவும் நகரசபையாரை வந்து சேர்ந்தது.

ஒரு கடைத்தெரு எழுவதும் விழுவதும் உலகத்தில் புதிய விஷயமல்ல. ஆயினும் நார்த்லேண்டின் கதையைப் பலரும் சொல்லும் விதத்தில் ஓர் அநியாயம் இருக்கிறது. கணினி வழியே சாமான் வாங்கும் பழக்கம் வந்தது, ஆகவே கடைகள் மூடப்பட்டன என்பார் சிலர். குடியிருப்போரின் நிறம் மாறியது, ஆகவே ஊர் கெட்டது என்று வெளிப்படையாகவோ ஜாடையாகவோ சொல்வார் வேறு சிலர். இரண்டும் பொய் என்பதே என் அபிப்பிராயம். இரண்டாவது, பொய் என்பதோடு பழிச்சொல்லும் ஆகும்.

டெட்ராய்டின் எல்லையாக நீண்டு கிடப்பது எட்டு மைல் சாலை. நகரின் மையத்திலிருந்து அத்தனை மைல் தொலைவில் அமைந்ததால் வந்த பெயர் அது. சாலைக்குத் தெற்கே மாநகரம். வடக்கே ஓக்லண்ட் கவுண்டியும் அதன் புறநகர்களும். தெற்கே செலுத்திய வரி வடக்கே செல்லாது. வடக்கே உள்ள பள்ளிக்கூடத்தில் தெற்கே உள்ள குழந்தைக்கு வெகுகாலம் இடமிருந்ததில்லை. அந்தச் சாலையிலிருந்து சிறிது தூரமே தெற்கு நோக்கிச் செல்லும் ஒரு சுவர் இன்றும் நிற்கிறது. வெள்ளையருக்கென்று புதிய வீடுகள் கட்ட முனைந்த ஒருவர், பக்கத்திலேயே கறுப்பின மக்கள் வசித்தமையால் மத்திய அரசின் கடன் உத்தரவாதம் கிடைக்காமற் போகவே, இரு சாராருக்கும் இடையில் ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்கு 1941-இல் எழுப்பிய சுவர் அது. சுவர் எழும்பியபின் உத்தரவாதமும் கிடைத்தது. நார்த்லேண்டுக்குக் கிழக்கே ஏறத்தாழ இரண்டு மைலில் இருக்கிறது அந்தச் சுவர். புறநகரின் அபிவிருத்தி என்று அந்தத் தேசம் பெருமையோடு பேசியது எந்த அஸ்திவாரத்தின்மேல் எழுந்தது என்பதை அறிய விரும்புகிறவர்கள், கடைத்தெருவைப் பார்ப்பதற்கு முன்பு அதைப் பார்ப்பது நலம்.

நார்த்லேண்டை நிர்மாணித்த விக்டர் க்ரூயன் வியன்னா நகரத்து யூதர். 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியபோது, சொந்த ஊரை விட்டு, கையில் எட்டே டாலருடன் நியூயார்க் கரையில் வந்து இறங்கியவர். காபிக் கடையும் நாடகசாலையும் பூங்காவும் கடைவீதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த வியன்னாவின் வீதிகளில் வளர்ந்த அந்தக் கட்டடக் கலைஞருக்கு, அமெரிக்கப் புறநகர்ச் சாலைகளின் இருமருங்கிலும் ஒழுங்கின்றி முளைத்திருந்த கடைகளும் விளம்பரப் பலகைகளும், காரை விட்டு இறங்கிக் கால்வீசி நடக்க நாதியில்லாத அந்த வாழ்க்கையும் மனத்தைப் பெரிதும் வருத்தின. மனிதன் நடப்பதற்கும், நின்று பேசுவதற்கும், சும்மா உட்கார்ந்திருப்பதற்கும் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை வியாபாரத்தின் செலவிலேயே அமைத்துவிடலாம் என்று அவர் நம்பினார்.

அவருடைய நம்பிக்கைக்கு முதல் கொடுத்தவர்கள் ஹட்சன் கம்பெனியார். டெட்ராய்டின் உட்வர்ட் அவென்யூவில் அவர்கள் நடத்திய பல்பொருள் மாளிகை, அமெரிக்காவில் நியூயார்க்கின் மேஸிஸ் கடைக்கு அடுத்தபடியாகப் பெரியது என்று பெயர் பெற்றது. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு ஹட்சன் என்பது ஒரு கடையின் பெயராக மட்டும் இருந்ததில்லை. அத்தகைய ஸ்தாபனத்தாரிடம் க்ரூயன் சொன்ன யோசனை, நகரத்தைச் சுற்றிப் பல திசைகளிலும் புதிய வணிகத் தலங்களை அவர்களே அமைக்கவேண்டும் என்பதாகும். 1954 மார்ச் 22-இல் நார்த்லேண்ட் திறக்கப்பட்டது. 1957-இல் ஈஸ்ட்லேண்டும், 1965-இல் வெஸ்ட்லேண்டும், 1970-இல் சௌத்லேண்டும் பின்தொடர்ந்தன. வெஸ்ட்லேண்ட் எழுந்த இடத்து மக்கள் 1966-இல் தங்கள் ஊரைத் தனி நகரமாக அமைத்துக்கொண்டபோது, கடைத்தெருவின் பெயரையே ஊருக்கும் சூட்டினார்கள். ஊரின் பெயரால் சந்தையை அழைப்பதே உலக வழக்கம். அங்கே சந்தையின் பெயர் ஊருக்கு ஆயிற்று.

நார்த்லேண்டின் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அதனிடத்தில் மெய்யான அழகு இருந்தது. நடுநாயகமாக ஹட்சனின் பெரிய கடை. அதைச் சூழ்ந்து, உயரத்தில் அதனோடு போட்டியிடாத தாழ்ந்த கடை வரிசைகள். இடையிடையே வானத்தை நோக்கித் திறந்த முற்றங்களும், பூச்செடிகளும், நீரூற்றுகளும், மழையில் நனையாமல் ஒரு கடையிலிருந்து மற்றொரு கடைக்குச் செல்லக் கூரையிட்ட நடைபாதைகளும். சரக்கு லாரிகள் ஜனங்களின் கண்ணிலேயே படாதபடி வந்து போகப் பூமிக்கடியில் ஒரு சுரங்கச் சாலை. கார்களெல்லாம் வெளிவட்டத்தில் நின்றுவிட, உள்வட்டம் முழுவதும் நடப்பவர்களுக்கே உரிய ராஜ்யம். கூட்டம் நடத்த மண்டபம் உண்டு. முற்றங்களில் சிற்பங்களும் உண்டு. அவற்றுள் குழந்தைகளின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது, மார்ஷல் ஃபிரெடரிக்ஸ் என்னும் சிற்பி படைத்த சிறுவனும் கரடியும். டெட்ராய்ட் நகரத்தின் அடையாளமாகவே இன்று கருதப்படும் 'டெட்ராய்டின் ஆன்மா' என்ற பெருஞ்சிலையைப் பிற்பாடு வடித்தவரும் அவரே.

மால் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று கூறத் தோன்றுகிறது. அது ஆதியில் கடையைக் குறித்த சொல்லன்று. மரச் சுத்தியால் பந்தை அடித்து ஆடிய பழைய விளையாட்டொன்றுக்கு வழங்கிய பெயர், அந்த விளையாட்டு நடந்த வீதிக்கு ஆகி, பிறகு லண்டனில் மரநிழலில் ஜனங்கள் உலாவிய அகன்ற வீதிக்கு நிலைத்தது. கூரையில்லாத முற்றங்களோடு விளங்கிய முதல் இருபது ஆண்டுகளில் நார்த்லேண்ட் அந்தப் பழைய பொருளில்தான் மாலாக இருந்தது. 1970-களின் நடுவில், புதிதாக எழுந்த போட்டி அங்காடிகளைப் பின்பற்றி அதன் முற்றங்களுக்கும் கூரை போட்டார்கள். மழையும் பனியும் உள்ளே வருவது நின்றதோடு வெயிலும் நின்றுபோயிற்று.

இவ்வளவு சிறப்பையும் ஒப்புக்கொண்ட பிறகு ஒரு கேள்வி எழுகிறது. நார்த்லேண்டின் முற்றத்தில் உலாவிய ஜனங்கள் எங்கிருந்து வந்தார்கள்? வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். உட்வர்ட் அவென்யூவில் உலாவிக்கொண்டிருந்தவர்களே அவர்கள். ஏரிக்கு நாற்புறமும் மதகு வெட்டித் திறந்துவிட்டபின் நடுவே நீர் நிற்கும் என்று எதிர்பார்ப்பது எப்படியோ, அப்படித்தான் நான்கு திசைகளிலும் நான்கு அங்காடிகளை அமைத்த கம்பெனியார், நகர மையத்தில் தங்கள் தாய்க்கடை நிலைத்திருக்கும் என்று எண்ணியதும். 1950-இல் டெட்ராய்டின் ஜனத்தொகை 18 லட்சத்து 49 ஆயிரம். 2020-இல் அது 6 லட்சத்து 39 ஆயிரம். உட்வர்டில் இருந்த ஹட்சன் மாளிகை 1983 ஜனவரியில் கதவடைத்தது. 1998 அக்டோபர் 24-ஆம் தேதி, வெடிவைத்துத் தகர்த்த அக்கட்டடம் சில விநாடிகளுக்குள் புழுதியாயிற்று.

கார்களை வடக்கே கொண்டுசெல்ல விரைவுச்சாலைகள் வேண்டியிருந்தன. அவற்றுக்கு இடம் கொடுத்தவர்கள் யார் என்பதையும் இங்கே பதிவு செய்யவேண்டும். டெட்ராய்டில் கறுப்பின மக்களின் வியாபாரத்துக்கும் சங்கீதத்துக்கும் உயிர்நாடியாக விளங்கிய வீதி ஹேஸ்டிங்ஸ் தெரு. மளிகைக் கடைகளும், மருந்துக் கடைகளும், உணவகங்களும், இசை அரங்குகளும் நெருங்கி நின்ற அந்தத் தெருவை இடித்துத் தள்ளித்தான் கிரைஸ்லர் விரைவுச்சாலை அமைக்கப்பட்டது. வடக்கே கோடி கோடியாகச் செலவிட்டுச் செயற்கையாக ஒரு கடைத்தெருவை உண்டாக்கிப் பத்திரிகைகளில் படம் போட்டுப் பாராட்டிய அதே பத்தாண்டுகளில், தெற்கே தலைமுறை தலைமுறையாகத் தானே வளர்ந்திருந்த ஒரு கடைத்தெரு, நகர சீர்திருத்தம் என்ற பெயரால் தரைமட்டமாயிற்று. அதற்காக வருந்தியவர்களின் குரல் அந்நாளைய நகர நிர்மாண நிபுணர்களின் காதில் விழவில்லை.

நகரத்தைக் காலி செய்த அதே விதி அடுத்தபடியாக நார்த்லேண்டையும் வந்து தீண்டியது. 1976-இல் டியர்பார்னில் ஃபேர்லேன், அதே ஆண்டில் ஸ்டெர்லிங் ஹைட்ஸில் லேக்சைட், 1977-இல் நோவையில் ட்வெல்வ் ஓக்ஸ் என்று இன்னும் புதிய அங்காடிகள் வரிசையாகத் திறக்கப்பட்டன. அம்மூன்றிலும் தலைமைக் கடைகளுள் ஒன்றாக அமர்ந்தது ஹட்சனே! முதல் குழந்தையைப் பெற்றவர்களே அதன் உணவைப் பிடுங்கி அடுத்த குழந்தைகளுக்கு ஊட்டினார்கள். இதில் வரிச்சட்டத்துக்கும் பங்குண்டு. கட்டடத்தின் தேய்மானத்தை ஆரம்ப ஆண்டுகளிலேயே மிகுதியாகக் கணக்கெழுதி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள 1954-ஆம் ஆண்டின் சட்டம் அனுமதித்ததையும், அந்தச் சலுகை புதிய கட்டடங்களுக்கே உச்ச அளவில் கிடைத்ததையும், அதன் பயனாக அந்தத் தேசமெங்கும் அங்காடிகள் காளான்களாக முளைத்ததையும் தாமஸ் ஹாஞ்செட் என்னும் சரித்திர ஆசிரியர் விளக்கியிருக்கிறார். பழைய கடைத்தெருவைப் பழுதுபார்த்துப் பேணுகிறவனைவிட, மக்காச்சோள வயலை வாங்கிப் புதிதாகக் கட்டுகிறவனுக்கே அரசாங்கம் கைகொடுத்தது. வாங்கும் ஜனங்கள் பெருகாத ஊரில் விற்கும் இடம் மட்டும் பெருகிக்கொண்டே போனால், ஒன்றின் வாழ்வு மற்றொன்றின் சாவாக முடிவதற்குத் தீர்க்கதரிசனம் ஒன்றும் தேவையில்லை.

இப்பொழுது சௌத்ஃபீல்டின் மனிதர்களிடம் வருவோம். அந்த ஊரில் 1980-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாக இருந்த கறுப்பின மக்கள், 1990-இல் இருபத்தொன்பது பேராகவும், 2010-இல் எழுபது பேராகவும் ஆனார்கள். மோட்டார்த் தொழிற்சாலைகளில் உழைத்தவர்களும், ஆசிரியர்களும், தாதியரும், அரசாங்க உத்தியோகஸ்தர்களும், தங்கள் பெற்றோருக்கு எட்டாக்கனியாக இருந்ததை அடைந்துவிட்டோம் என்ற நிறைவோடு எட்டு மைல் சாலையைக் கடந்து வந்து, நல்ல செங்கல் வீடுகளை முழு விலை கொடுத்து வாங்கினார்கள். தோட்டம் வைத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள், வரியைத் தவணை தவறாமல் கட்டினார்கள். கவனிக்கவேண்டியது என்னவென்றால், ஃபேர்லேனும் லேக்சைடும் ட்வெல்வ் ஓக்ஸும் திறக்கப்பட்ட காலத்தில் இவர்களில் பெரும்பாலோர் இன்னும் வந்து சேரவேயில்லை. முதலீட்டாளர்கள் மூட்டை கட்டியபின் காலியான வீட்டுக்குள் நுழைந்தவர்களைப் பார்த்து, 'நீங்கள் வந்தீர்கள், வீடு பாழாயிற்று' என்று சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

அவர்கள் பட்ட நஷ்டம் அங்காடியோடு முடியவில்லை. 2008-இல் வீட்டுக் கடன் நெருக்கடி அந்தத் தேசத்தை உலுக்கியபோது, சேமிப்பையெல்லாம் வீட்டிலேயே போட்டிருந்த இக்குடும்பங்களின் சொத்து கண்ணெதிரே கரைந்தது. வீட்டின் விலை வீழ்ந்தால் நகரசபையின் வரி வருமானமும் வீழும். ஆனால் மிச்சிகனில் 1994-இல் செய்யப்பட்ட ஏற்பாட்டின்படி, விலை மீண்டும் ஏறினாலும், வீடு கைமாறும் வரையில், வரிவிதிப்புக்குரிய மதிப்பு விலைவாசி உயர்வின் அளவுக்கு மேல் ஏற முடியாது. ஒரே ஆண்டில் இறங்கியதை மீட்கப் பல ஆண்டுகள் படிப்படியாக ஏறவேண்டும். இத்தனைக்கும் நடுவில் அந்த ஊர் நூலகத்தை நடத்தியது, சாலைகளைப் பராமரித்தது, குப்பையை அகற்றியது. 2020-இலும் அங்கே 76 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வசித்தனர். கடைத்தெரு செத்ததேயன்றி ஊர் சாகவில்லை என்பதை, பாழடைந்த அங்காடிகளின் புகைப்படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற அன்பர்கள் தயவுசெய்து நினைவில் வைக்கவேண்டும்.

ஹட்சன் என்ற பெயர் 2001-இல் மார்ஷல் ஃபீல்ட்ஸ் என்றும், 2006-இல் மேஸிஸ் என்றும் மாறியது. 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஹட்சன் கம்பெனியின் வழித்தோன்றலே ஆகிய டார்கெட் தன் கடையை அங்கே மூடிற்று. சில வாரங்களுக்குள் மேஸிஸும் மூடிற்று. கடன் பொறுப்பாளரின் நிர்வாகத்தில் இருந்த மீதி வளாகத்தையும் மூடிவிட நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆண்டில் அமெரிக்கச் சில்லறை வியாபாரத்தில் கணினி வழியே நடந்தது நூற்றுக்கு ஏழு பங்கு அளவே. அது இழுத்துச் சென்ற ஏழு பங்கா, அறுபது ஆண்டுகளாக அந்த இடத்திலிருந்து அப்பால் அப்பால் என்று ஓடிக்கொண்டேயிருந்த முதலா, நார்த்லேண்டைக் கொன்றது எது என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நீதிமன்றம் என்றதும் மற்றொரு வழக்கு நினைவுக்கு வருகிறது. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில், ஓர் அங்காடிக்குள் வியட்நாம் போருக்கு எதிரான துண்டுப் பிரசுரங்களை விநியோகித்தவர்களை அங்காடியின் காவலர்கள் தடுத்தார்கள். 1972-இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அங்காடி தனியார் சொத்து, அங்கே பேச்சுரிமையைக் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. தெருவைப் போலத் தோற்றமளிக்கலாம். நீரூற்றும் பெஞ்சியும் சிலையும் இருக்கலாம். ஊரார் முழுவதும் அங்கேதான் கூடலாம். ஆனால் அது தெரு அன்று. க்ரூயன் கட்டிய முற்றத்தில் இல்லாமற் போனது இந்த ஒன்றுதான். மற்றெல்லாவற்றையும் வியன்னாவிலிருந்து அவர் கொண்டுவந்தார். வியன்னாவின் சதுக்கம் வியன்னாக்காரர்களின் சொத்து என்பதை மட்டும் கொண்டுவர அவரால் இயலவில்லை. தெருவை அடைத்துவிட்டு உரிமையாளன் சாவியோடு போய்விட முடியாது, நார்த்லேண்டில் முடிந்தது.

க்ரூயனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம் சிருஷ்டி எதுவாக மாறியது என்பதை மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்தவர் அவர். தம் திட்டத்தில் அங்காடியைச் சுற்றி வீடுகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பூங்காக்களும் இருந்தன என்றும், வியாபாரிகள் லாபம் தரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிட்டார்கள் என்றும் மனம் நொந்த அவர், 1978-இல் லண்டனில் ஆற்றிய உரையில், இந்த அங்காடிகளுக்குத் தாம் தந்தை என்ற பட்டத்தையே துறந்துவிட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தாய்நாடு திரும்பி வியன்னாவில் குடியேறியிருந்த அவருக்கு அங்கும் நிம்மதி கிடைக்கவில்லை. 1976-இல் அந்த நகரத்தின் தெற்கு விளிம்பில் பிரம்மாண்டமான அங்காடி ஒன்று திறக்கப்பட்டு, அவர் பிள்ளைப் பருவம் முதல் நேசித்த சிறு கடைகளின் வியாபாரத்தைத் தன்பக்கம் இழுத்தது. 1980-இல் அவர் காலமானார்.

சௌத்ஃபீல்ட் நகரசபை வாங்கிய நிலத்தில் இருந்த கட்டடங்களில் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, எஞ்சிய ஹட்சன் கட்டடத்தைக் குடியிருப்புகளாக மாற்றும் பணி தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. துணியும் மேஜை நாற்காலியும் விற்ற தளங்களில் மனிதர்கள் குடியிருக்க ஏற்பாடாயிற்று. க்ரூயனின் ஆதித் திட்டத்தில் இருந்த வீடுகள் இவ்வளவு காலம் கழித்து இப்படி வந்து சேர்கின்றன என்பதைப் படித்தபோது மகிழ்ச்சியா வருத்தமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முன்பே வீடு கட்டியிருந்தால் அங்கே முளைத்திருக்கக்கூடிய பள்ளிகளையும், வளர்ந்து முதியவர்களாகியிருக்கக்கூடிய குழந்தைகளையும் நினைத்துக்கொண்டேன்.

சிறுவனையும் கரடியையும் சௌத்ஃபீல்ட் மக்கள் கைவிடவில்லை. இடிபாட்டிலும் ஏலத்திலும் சிக்காமல் காப்பாற்றி, நகரசபை அலுவலகங்களை அடுத்துள்ள தங்கள் பொது நூலகத்துக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். நார்த்லேண்டின் முற்றத்தில் அந்தக் கரடியின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் பலர் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். அவர்களுடைய ஆல்பங்களில் அந்தப் படங்கள் இருக்கும். நூலகத்துக்குள் வருகிறவர் எதையும் வாங்க வேண்டியதில்லை; சாயங்காலம் கதவை மூடும் வரையில் எவரும் எழுந்து போகச் சொல்வதும் இல்லை. கரடியின் முதுகில் சிறுவன் அமர்ந்திருக்கிறான். பள்ளி விட்ட பிள்ளைகள் புஸ்தகங்களோடு அவனைக் கடந்து போகிறார்கள்.